மைனஸ் நாலு

இடையில் இந்த ஒரு பாட்டுத்தான் மிச்சம். இது முடிந்து அடுத்தது தொடங்குகிறதுக்குள் அந்த நம்பரைச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்துக்கு இந்தக் கப்பலில் உங்களுக்கு இடமில்லை என்று ஹென்ரிக் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் வாகீசனுக்குப் பிடிக்கவில்லை, கோபப்படுகிறவனோடு சண்டை பிடிக்கலாம், சிரிக்கிறவனோடு என்னத்தைச் செய்கிறது. கீபோர்டின் வலதுபக்க மூலையில் குட்டிக் கண்ணாடிச் சதுரம், அதற்குள் சிவப்பு வெளிச்சத்தில் மைனஸ் நாலு. பக்கத்திலேயே பொத்தான். நாலு தரம் அமத்தினால் சைபர். அவ்வளவுதான் வேலை. பல் துலக்குகிறதை விடச் சின்ன வேலை. நேற்று ஒஸ்லோவை விட்டு வந்ததில் இருந்து கப்பல் கொஞ்சம் கொஞ்சமாய் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, கீபோர்ட் ஸ்டாண்டின் கால்களைக் கறுப்பு டேப்பால் நிலத்தோடு ஒட்டி வைத்திருக்கிறான், ஆனாலும் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிற பிங்கோச் சக்கரத்தில் மோதும் என்று ஒரு பயம். பிங்கோச் சக்கரம். மேடையிலேயே நிற்கிறது. இவர்கள் முடித்தவுடன் பிங்கோ. கீழே இருக்கிற முக்கால்வாசிச் சனமும் அதற்குத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறது, அவன் ஒன்றும் குருடன் இல்லை. பின்னேர வெயில் கண்ணாடி வழியாக வந்து வெள்ளைத் தலைகளில் விழுகிறது. வாஃபிள் மணம், பியர் மணம், அந்தப் பக்கம் சூதாட்டக் காசு மெஷின்கள் தங்கள் பாட்டுக்குத் தங்கள் சுருதியில் கிணுகிணு என்கின்றன. கைகள் இந்தப் பாட்டைத் தாங்களே வாசிக்கின்றன, அவன் தேவையில்லை. இது அவர்கள் வெளியிட்ட இரண்டாவது பாட்டு, ஒருத்தரும் கேட்காத பாட்டு, வாசிக்கிறவனே கேட்கவில்லை. முன்னால் மார்த்தே கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். இடப்பக்கம் ஐரிக் கம்ப்யூட்டருக்கும் ட்ரம் மெஷினுக்கும் நடுவில் குனிந்து நிற்கிறான், சமைக்கிற ஆள் மாதிரி. மூன்று பேர். ஒரே வகுப்பு. ஒரே கராஜ். பாரில் சாய்ந்து நிற்கிற ஹென்ரிக்தான் கப்பலின் கேளிக்கைகளுக்குப் பொறுப்பு, கழுத்துப்பட்டி முழுக்கக் குட்டி நங்கூரங்கள், அம்பது வயசு இருக்கும், வீட்டில் என்றால் அங்கிள், இந்த நாட்டில் வெறும் ஹென்ரிக், நீ. அவன் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். நாலு தரம். நாலே நாலு தரம்.

இந்த நம்பர் எங்கே இருந்து வந்தது என்று ஹென்ரிக்குக்குத் தெரியாது. மார்த்தேவுக்கும் ஐரிக்குக்கும் பாதிதான் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் அம்மா தேவாரம் படிப்பா, பிறகு பஜனை, இவன் கீபோர்ட். அம்மாவின் சுருதி ஐந்தரைக் கட்டை, அதற்குக் கீபோர்டில் கறுப்புக் கட்டைகளில் ஓட வேண்டும். இவனுக்குக் கறுப்புக் கட்டைகளில் விரல் ஓடாது, சின்னனில் இருந்து வெள்ளைக் கட்டைகளில்தான் பழக்கம், அதனால் எல்லாரும் செய்கிற மாதிரி மெஷினை மைனஸ் நாலில் வைத்துவிட்டு, வெள்ளையில் வாசித்துக்கொண்டு போவான், சத்தம் மட்டும் அம்மாவின் சுருதியில் வரும். கோயில்காரப் பெடியள் எல்லாருக்கும் இந்தக் கள்ள வேலை தெரியும். முடிந்தவுடன் திரும்பச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவரவில்லை, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, கீபோர்டை முதுகில் போட்டுக்கொண்டு, நேராக ஐரிக்கின் கராஜுக்குப் போனான், அங்கே மூன்று பேருக்கும் ஒரே ஒரு ஹெட்ஃபோன், அது ஐரிக்கின் காதில். ஐரிக் தலையை ஆட்டி ஆட்டித் தாளம் காட்ட, இவன் சத்தமே கேட்காமல் நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஐரிக்குக்காவது கேட்டிருக்க வேணுமே. கேட்டது, ஆனால் அது இவனுடைய ஐடியா என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான், மடையன். பிறகு பதிந்ததைப் போட்டுக் கேட்டால் மார்த்தே ஒரு உலகத்தில் பாடுகிறாள், கீபோர்ட் இன்னொரு உலகத்தில் அழுகிறது. ரெண்டும் ஒட்டவில்லை. ஒட்டாமலேயே ஒன்றையொன்று விடவும் இல்லை. மார்த்தே முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, தொடாதே, ஒன்றையும் தொடாதே என்றாள். பாட்டின் பெயர் ‘ஃப்ரீஸர்’. விட்டுப்போன காதலன் ஒளித்துவைத்த கடிதம் பட்டாணிப் பைக்கு அடியில் உறைந்து கிடக்கிறது என்று வரும். அம்மா கேட்டா, ஏன் இந்தப் பெட்டையள் ஐஸ் பெட்டிக்கெல்லாம் பாட்டுக் கட்டுகினம் என்று. அன்றைக்கு அடுப்படியில்தான் அம்மா முதல்முதலாகக் கேட்டது, இவன் போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்துப் போட்டான், அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றா, கரண்டி அப்படியே நின்றது. “உது என்ர சுருதியெல்லோ” என்றா. ஓம், மாத்த மறந்துபோனன் என்றான். அம்மா சிரித்தா, அப்ப என்ர பேரையும் போடச் சொல்லு என்றா, திரும்பவும் கத்தரிக்காயைப் பிரட்டினா. அவ்வளவுதான். நோர்வே முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டது. கண்டுபிடித்தது அந்த ஒரு ஆள்.

கேட்டது, உண்மையிலேயே நோர்வே முழுக்கக் கேட்டது, இப்போது சொன்னால் யார் நம்புவார்கள், இவனுக்கே சந்தேகமாக இருக்கிறது. ஒரு வானொலிக்காரி காலை நிகழ்ச்சியில் போட்டாள், அடுத்த கிழமை வேறு இரண்டு பேர் போட்டார்கள், பிறகு வெயில் வந்தது, வெயிலோடு பாட்டும் வெளியே வந்தது, படகுகளில், பூங்காக்களில், சொசேஜ் சுடுகிற இடத்தில். குழுவின் பெயரை மார்த்தேதான் வைத்தாள், ‘ஸில் ஓ ஸூல்’, மீனும் சூரியனும். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், “மீனும் வெயிலும் சேர்ந்தா கருவாடுதானேடா.” அதற்குப் பிறகு வீட்டில் கருவாட்டுக் கோஷ்டி என்றுதான் பெயர், கருவாட்டுக் கோஷ்டிக்கு இண்டைக்கு எங்க கச்சேரி என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார். அப்பா ட்ராம் ஓட்டுகிறவர். ஒருநாள் பின்னால் இருந்த பெட்டைகள் நாலு பேர் அந்த நாலு சுரத்தையும் வாயால் பாடிக்கொண்டு வந்ததைக் கேட்டு, தரிப்பில் கதவு திறக்க மறந்துபோனார், சனம் கண்ணாடியில் தட்டியதாம். அதை அவர் இவனுக்குச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னா. இவனுக்கு அவர் சொன்னது வேறு. படிப்பை நிப்பாட்டப் போகிறேன், கடைசி வருசம்தானே, பிறகு எழுதலாம் என்று இவன் சொன்னபோது, “பாட்டு ஓடும் ஒரு வருசம், நீ ஓடவேணும் அம்பது வருசம்” என்றார், டிவியை நிறுத்தாமல். இவனுக்கு எரிச்சல் வந்தது. இப்போதும் வருகிறது. சரியாகச் சொன்ன ஆள்மேல் வருகிற எரிச்சல் பிழையாகச் சொன்ன ஆள்மேல் வராது. வகுப்பில் இருந்து என்னத்தைக் கிழித்திருப்பான், அதுவும் தெரியவில்லை, ஐரிக் கூட இப்போது பகலில் எலக்ட்ரீஷியனுக்குப் பழகுகிறான், அவனுடைய விரலெல்லாம் வயர் கீறின கோடு. அந்த வெயிலில் ஒரு பேப்பர்க்காரன் வந்தான், இவ்வளவு நீளத் தாடி, அந்த ஒலியில் பனிப்பாறை உடைகிறபோது வருகிற தனிமை இருக்கிறதாம். உன் மூதாதையர்களின் இசையில் இருந்து எடுத்ததா என்று கேட்டான். இல்லை, பொத்தானை மாற்ற மறந்துபோனேன் என்று இவன் உள்ளதைச் சொன்னான். பேப்பரில் ‘அடக்கமான இளைஞர்’ என்று வந்தது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், அடக்கமோ, நீயோ, உன்ர அறைக்குள்ள வந்து பாக்கச் சொல்லு அந்தாளை என்றா. அந்தக் குரல். அந்தக் குரல் எப்படி இருந்தது. இங்கேதான் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான். அம்மா சொன்ன சொல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, சொல்லுக்கு அடியில் இருந்த சத்தத்தைத் தேடினால் இப்போதைய சத்தம் வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது.

மார்த்தே இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டாள். சரி, யோசிக்காமல் பொத்தானை அமத்து. இந்தப் பாட்டின் நடுவில் அமத்தக் கூடாது, நாலு சுரமும் நடுவில் குதிக்கும், முடிந்த பிறகுதான். அதுவும் ஒரு பைத்தியக்கார வேலை, மற்ற எல்லாப் பாட்டையும் இவன் மைனஸ் நாலில் வைத்தபடியே விரலை மாற்றி வாசிக்கப் பழகிவிட்டான், கறுப்பில் ஓடாது என்று சொன்ன விரல் இப்போது கறுப்பில் ஓடுகிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருநாளும் நம்பரைத் தொட்டதில்லை. தொட்டால் திரும்ப வராது என்று ஒரு எண்ணம். ஏன் வராது, நாலு தரம் அமத்தினால் போகும், நாலு தரம் மறுபக்கம் அமத்தினால் வரும், அது மெஷின், சாமி இல்லை. இரண்டாவது பாட்டை எழுதுகிறபோது இவனும் ஐரிக்கும் எல்லாத்தையும் செய்து பார்த்தார்கள். பாட்டுக்கம்பனிப் பெண் ஒருத்தி, அதேமாதிரி இன்னொன்று வேண்டும், ஆனால் புதுசாக இருக்க வேண்டும் என்றாள். பாட்டை வேறு சுருதிக்கு மாற்றினார்கள், ஹெட்ஃபோனைக் கழட்டிவிட்டு வாசித்தார்கள், வேண்டுமென்றே மறந்து பார்த்தார்கள். வேண்டுமென்றே எப்படி மறக்கிறது. வந்தது இதுதான், இப்போது மார்த்தே பாடிக்கொண்டு நிற்கிற இது, ஒழுங்காகவும் இல்லை ஒழுங்கில்லாமலும் இல்லை. பெரிய மேடை அடுத்த வெயிலில் கூடாரமாயிற்று, கூடாரம் நகரசபை விழாவாயிற்று, ஒருமுறை சூப்பர் மார்க்கெட் திறப்பு, தக்காளிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்கள். பாட்டுக்கம்பனிப் பெண்ணின் பதில்கள் சுருங்கிக்கொண்டு வந்து ஒருநாள் பெருவிரல் படம் மட்டும் வந்தது. பிறகு கப்பல். நேற்று ஒஸ்லோவில் இருந்து வரும்போது யாரோ ஒரு கிழவர் ஹென்ரிக்கிடம் போய், கீபோர்ட் பெடியன் பிழையாய் வாசிக்கிறான், என் மனைவிக்கு ஆட முடியவில்லை என்று முறைப்பாடு செய்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் கிழவர் பிழை சொல்லவில்லை. ஹென்ரிக் இன்றைக்கு மதியம் மூன்று பேரையும் கூப்பிட்டு அந்த ‘ஃப்ரீஸர்’ பாட்டை மட்டும் நேராக வாசியுங்கள் என்றான், சனம் ஆடட்டும், மேலே இருக்கிறவர்களுக்கு நான் நல்லது எழுதலாம். ஐரிக், அது சும்மா ஒரு நம்பர்தான், சைபரில் வைத்தால் சரி என்று காட்டிக்கொடுத்தான். பிறகு படிக்கட்டில் வைத்து மார்த்தே இவன் கையைப் பிடித்தாள், அவள் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை. “எனக்கு இது முடிகிறது பிடிக்கவில்லை, வாகி. இன்னும் ஒரு குளிர்காலம். உன்ர அந்தப் பிழையை ஒருக்கா விட்டுத் தா” என்றாள். உன்ர பிழை. அவளுக்கு அது இவனுடைய பிழை. யாருடைய சுருதி என்று இவன் சொன்னதே இல்லை, ஏன் சொல்லவில்லை, வெட்கமா, சொன்னால் பேப்பர்க்காரத் தாடி திரும்பி வந்துவிடும் என்ற பயமா, தெரியாது, இவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது.

கோடையில் தெற்கே ஒரு கூடாரத்தில் வாசித்துக்கொண்டிருந்த கிழமை அம்மாவுக்குக் கழுத்தில் ஒப்பரேஷன். தொண்டைக்குள் ஒரு கட்டி. பாரதூரமில்லை என்றார்கள், எடுத்துவிட்டார்கள், எல்லாம் நல்லபடி முடிந்தது, குரல் மாறலாம், திரும்பவும் வரலாம், வராமலும் விடலாம் என்று டாக்டர் முதலே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாராம். எல்லாருக்கும் தெரியும், பெரியம்மாவுக்கு, லண்டன் மாமாவுக்கு, கோயில் ஐயருக்கு. இவனுக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சிக்குப் போற பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, மனம் குழம்பும் என்று அப்பா சொன்னாராம். நல்லாய்க் குழப்பாமல் விட்டார்கள். பத்து நாள் கழித்து வீட்டில் இருந்து போன் வந்தது, ஒரு கரகரத்த குரல், கீழே, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, இவன் யாரோ கோயில் ஆள் என்று நினைத்து, “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டான். அந்தக் குரல், நான்தான் தம்பி என்றது. இதை யோசிக்கக் கூடாது. இதை யோசிக்கிறபோதெல்லாம் காது சூடாகிறது, இப்போதும், மேடை வெளிச்சம் வேறு. தன் தாயிடம் ஆர் என்று கேட்டவன். பெத்த தாய் தானென்று சொல்லித்தான் இவனுக்குத் தெரிந்தது. அம்மா அதைப் பெரிசாக எடுக்கவில்லை, ஆம்பிளைக் குரல் வந்திட்டுது, இனி உன்ர கொப்பர் என்னோட சண்டைக்கு வரமாட்டார் என்று பகிடி விட்டா, சிரித்தது இருமலாகப் போயிற்று. இன்றைக்குக் காலை மறுகரைத் துறைமுகத்தில், திரும்பக் கப்பல் ஏறுகிற வரிசையில் நிற்கும்போது அம்மா திரும்பவும் போன் எடுத்தா. டாக்டர் பாடலாம் என்று சொல்லிவிட்டாராம், வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கப் போகிறாவாம். “எனக்கு இப்ப மூண்டு கட்டைக்கு மேல எழும்பாது தம்பி. நீ மெஷினை இறக்கி வைச்சுப் பழகிக்கொண்டு வா.” மூன்று கட்டை என்றால் மைனஸ் எட்டு. இவன் ஓம் என்றான். சைபருக்கு ஏற்று என்று ஹென்ரிக், எட்டுக்கு இறக்கு என்று அம்மா, ரெண்டு பேரும் ஒரே பொத்தானை. அம்மா கேட்டது நியாயம். அம்மாவே அந்தப் பழைய சுருதியை விட்டுவிட்டா, கத்தரிக்காய் மாதிரி மறுபக்கம் பிரட்டிவிட்டா, இவன் மட்டும் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பழைய குரலுக்கு ஒரு பதிவும் இல்லை, அதுதான். சாமிக்குப் படிக்கிறதைப் போனில் பிடிக்கக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரு பிடிவாதம், போனைத் தூக்கினால் நடுவில் நிப்பாட்டிவிடுவா, கல்யாண வீட்டு வீடியோவில் கூடச் சேலையால் வாயை மூடுவா. அந்தக் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. இந்தச் சிவப்பு நம்பர்தான் இருக்கிறது. நம்பர் குரலா, இல்லை, ஐந்தரைக் கட்டையில் ஆயிரம் பொம்பிளைகள் படிக்கிறார்கள், இது குரல் நின்ற இடம் மட்டும், ஆள் எழும்பிப் போன கதிரை. கதிரையை எடுத்து வைத்தால் என்ன. எடுத்து வைத்தால் என்ன என்றுதான் இவனும் கேட்கிறான்.

பாட்டு முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது. கைகள் கட்டைகளில் சும்மா கிடக்கின்றன, கீழே ஒரு பத்துப் பேர் கை தட்டுகிறார்கள், ஒருவர் பிங்கோத் தாளால் விசிறிக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் அந்தக் கிழவர் மனைவியை எழுப்பிவிட்டார், அவவுக்குப் பச்சைப் பாவாடை, தயாராக ஒரு காலை முன்னுக்கு வைத்து நிற்கிறா, இந்தப் பாட்டுக்கென்றே நேற்றில் இருந்து காத்திருந்த மாதிரி. பாவம், அவவும்தான். ஹென்ரிக் பாரில் இருந்து பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டுகிறான், சைபர். மார்த்தே திரும்பிப் பார்க்கிறாள். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “வாகி?” என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டினது ஓமா இல்லையா, அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள், முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது, கராஜில் முதல்நாள் வந்த அதே வெளிச்சம், அதைப் பார்த்திருக்கக் கூடாது. விரல் பொத்தானுக்குப் போயிற்று. உண்மையாகப் போயிற்று. பொத்தான் விரலுக்குச் சொரசொர என்றது, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருத்தரும் தொடாத பொத்தான், மேலே தூசி படிந்து கிடந்தது. தரைக்குக் கீழே எங்கேயோ எஞ்சின் ஊம் என்கிறது, அது எந்தச் சுருதி என்று காது தானாகவே பார்த்தது, வீட்டு ஃபிரிட்ஜும் இப்படித்தான், அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டு அந்த ஊமோடு சேர்ந்து ஆ என்று பிடிப்பா, பார், பெட்டியும் என்ர கட்டையில நிக்குது என்பா, எஞ்சின் அந்தச் சுருதியில் இல்லை, கிட்டவும் இல்லை, ஐந்தரையும் இல்லை மூன்றும் இல்லை, ஆனால் ஆ என்று அம்மா பிடிக்கிறது, அந்த ஆ, ஒரு நொடி, பழையதா புதியதா, வந்தது, காதுக்குள்தானா வந்தது, பிடிக்கிறதுக்குள் போயிற்று. ஐரிக் கையைத் தூக்கினான். மூன்று, இரண்டு. சைபருக்குக் கொண்டுவா என்று சொல்லியிருந்தார்கள், எட்டுக்கு இறக்கு என்று சொல்லியிருந்தா, வெள்ளிக்கிழமை இறக்குவான், கட்டாயம் இறக்குவான், அம்மாவின் புதுக் குரலுக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பான், பழகிக்கொள்வான், ஆனால் அது வெள்ளிக்கிழமை. விரல் பொத்தானில் இருந்து வழுக்கி வெள்ளைக் கட்டைக்கு வந்தது. நாலு சுரம். ஒட்டாமல், விடாமல். பச்சைப் பாவாடைக் கிழவியின் கால் காற்றில் நின்றது. மார்த்தே பாட வேண்டிய இடத்தில் பாடவில்லை, திரும்பி அவனைப் பார்த்தாள், பிறகு அரைத் தாளம் பிந்தித் தொடங்கினாள். ஹென்ரிக் சிரிப்பை நிப்பாட்டிவிட்டுப் பிங்கோச் சக்கரத்தைப் பார்த்தான். கண்ணாடிச் சதுரத்தில் மைனஸ் நாலு சிவப்பாக எரிந்தது. அவன் அதை மாற்றவில்லை.